மூடாமல் விட்ட சைக்கஸ்

மேகம் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். மதியம் மேற்கே மலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அதுவும் இல்லை. மேகம் மூடியிருந்தால் உறைபனி விழாது, விழுவது வெறும் நீர்ப்பனி, வெயில் வந்ததும் போய்விடும். வானம் இப்படிக் கழுவிவிட்ட மாதிரி இருந்தால் விழத்தான் விழும், அதுவும் இந்தப் பள்ளத்தில், குளிர் வழிந்துவந்து தேங்குகிற இடத்தில். ஊட்டியில் இல்லாத பனிகூட எங்கள் வீட்டு வாசலில் இருக்கும். ஆகவே மூட வேண்டும். மூட வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் முதல் சைக்கஸ் செடியைச் சுற்றி நான்கு குச்சிகள் நட்டாகிவிட்டது, குச்சிகளின் மேல் தார்ப்பாய், ஓரங்களில் கல். தார்ப்பாய் இலையைத் தொடக்கூடாது. தொட்டால் தொட்ட இடம் கருகும், கொதிக்கிற தண்ணீர் பட்டதுபோல. இதை ஒரு வருடம் இலையைப் பலி கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மூலையில் தொடுகிறது. குச்சியைப் பிடுங்கி இன்னும் கொஞ்சம் வெளியே நட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து ஜெனிட்டா காலையில் போன் செய்தாள். அப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் வரச்சொல்லியிருக்கிறார், அம்மா ரிசல்ட் வந்துவிட்டதாம், போனில் சொல்லமாட்டார்களாம் என்றாள். பார்க்கிறேன்மா, இங்கே பனி என்றேன்.  அவளுக்குப் பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது, அவள் அம்மா எப்சி யாருக்கோ எதையோ எடுத்துவைக்கச் சொல்லும் குரலும் கேட்டது. போனில் சொல்லமாட்டார்கள் என்றால் என்ன அர்த்தம். நல்லதாக இருந்தால் போனில் சொல்லிவிடலாமே. எதுவாக இருந்தாலும் நேரில்தான் சொல்வார்கள், அது அவர்கள் வழக்கம். கூடலூரிலிருந்து வரும் கோயம்புத்தூர் பஸ் இருட்டும் நேரத்துக்கு மேலே ரோட்டில் போகும், கைகாட்டினால் நிறுத்துவார்கள். கட்டிலில் பை இருக்கிறது. அதில் இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் காலையிலேயே எடுத்துவைத்தேன், எதற்கு வைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல். இப்போது தொடவில்லை. மூலை சரியாகிவிட்டது.

இது பனை இல்லை என்று எப்சியிடம் கல்லாறிலேயே சொன்னேன். கல்யாணம் ஆன வருடம், அவளை முதன்முதலாக மலைக்குக் கூட்டிவரும் வழியில், பஸ் நின்ற இடத்தில் ஒரு நர்சரி இருந்தது. சின்னச் சின்னத் தொட்டிகளில் நான்கைந்து இலை விரித்து இவை நின்றன. அவள் ஊர் நாசரேத். பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பனைமரம் நின்ற கண்ணுக்கு அது பனங்கன்றாகத் தெரிந்திருக்கிறது. இறங்கிப் போய் விலை கேட்டுவிட்டு வந்து, மூணு வாங்கித் தாங்க என்றாள். என்னிடம் அவள் கேட்ட முதல் பொருள் அது. எப்சி, இது பனை இல்லை, சைக்கஸ், மருந்துக்கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே அது இந்த இனத்தில்தான் வருகிறது, பனைக்கும் இதற்கும் சொந்தமே கிடையாது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பிலிம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, எதையும் விளக்கிச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் கேட்டுவிட்டு, இருக்கட்டுமே என்றாள். அவ்வளவுதான். மடியில் ஒன்று, காலடியில் இரண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தபோதும் மடியில் இருந்த தொட்டியை விடவில்லை. கீழே சூட்டில் நிற்க வேண்டிய செடி, இந்த உயரத்துக்கு ஆகாது என்று நர்சரிக்காரன் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இருக்கட்டுமே என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த டிசம்பரில் அவள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். இருமினாள். பழகிவிடும் என்றேன். எல்லோருக்கும் பழகிவிடுகிறது, எனக்குப் பழகவில்லையா. ஒவ்வொரு டிசம்பரிலும் இருமினாள். பிப்ரவரி கடைசியில் நின்றுவிடும். நின்றுவிடும், நின்றுவிடும். போன பிப்ரவரியில் நிற்கவில்லை.

இரண்டாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதன் நடுவில் எப்போதும் ஈரம் இருக்கும். குருத்து கிளம்பும் குழியில் தண்ணீர் நின்று அது உறைந்தால் செடி உள்ளிருந்து போய்விடும். துணியை விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். பார்க்க முடியாது, இலைக்காம்புகளின் முள் குத்தும், விரலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விரலால் தெரிந்துகொள்வது எனக்குப் பழக்கம். முப்பது வருடம் இருட்டில் வேலை பார்த்தவன். பிலிமுக்கு மருந்து பூசும் கூடத்தில் சிவப்பு விளக்குகூடக் கிடையாது. யார் எதிரே வருகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டு ஒதுங்குவோம். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள், எனக்கு முதல் நாள்கூடப் பயமில்லை. பயம் எல்லாம் அடுத்த கூடத்தில், கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேஜையில், செய்த பிலிமைப் போட்டுப் பார்க்கிறபோதுதான். இருட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். வெளிச்சத்தில்தான் புள்ளி தெரியும். எக்ஸ்ரே பிலிமும் செய்தோம். எங்கள் பிலிமில் எத்தனை பேரின் நெஞ்சு விழுந்திருக்கும், ஒன்றையும் நான் பார்த்ததில்லை, நாங்கள் அனுப்பியது வெறும் பிலிம். ஐப்பசியில் ஊட்டியில் எடுத்த எப்சியின் எக்ஸ்ரேயை வீட்டுக்குக் கொண்டுவந்து உறையிலிருந்து உருவி இந்த ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இப்போது வருவது வேறு மாதிரி பிலிம், மெஷினிலேயே கழுவாமல் வருகிறது, இருந்தாலும் கண் தன் வேலையைப் பார்த்தது. ஓரம் சுத்தம், கறுப்பு நல்ல கறுப்பு, கீறல் இல்லை. பிலிம் நல்ல பிலிம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்தது. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க என்றாள். அப்போதுதான் பார்த்தேன். வலது பக்கம் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை. அதை நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். பிலிமைப் பற்றிப் பேசினது அதற்கு அப்புறம்தான். அப்படியா, முதலிலா, அப்புறமா. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் வரிசை மாறி மாறி வருகிறது. துணி நனைந்துவிட்டது. பிழிந்து மறுபடி விட வேண்டும்.

குளிரால் வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். வராது என்றார். கொஞ்சம் கழித்து வேறு மாதிரி கேட்டேன், குளிரான இடத்தில் ரொம்ப வருடம் இருந்தால், கீழே பிறந்தவர்களுக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை சார், அது என்னவென்றே இன்னும் தெரியாது, உள்ளிருந்து ஒரு சதைத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். சம்பந்தம் இல்லை. அவர் படித்தவர். சம்பந்தம் இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டினேன், மறுநாள் அது உதவவில்லை. துண்டு எடுத்த அன்றைக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தேன். பச்சை அங்கி, பின்னல் அவிழ்ந்திருந்தது, ஜெனிட்டா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்ன ஆளா அவள். கண்ணால் யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடியிருப்பாள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அப்புறம் பனி தொடங்கிவிட்டது என்று மலைக்கு வந்துவிட்டேன், அவள் மகள் வீட்டில் தங்கிவிட்டாள். பனி தொடங்கியிருந்தது, அது பொய்யில்லை. இந்த இரண்டாவதின் தண்டை அழுத்திப் பார்க்கிறேன், கட்டை விரலால், தரையிலிருந்து ஒரு சாண் மேலே. கெட்டியாக இருக்கிறது. ஒரு வருடம் ஜெனிட்டாவின் கல்யாணத்துக்காக எல்லோரும் கீழே போயிருந்தபோது ஒரு ராத்திரிப் பனியில் மூன்றும் கருகிவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் இலையெல்லாம் பழுப்புத் தாள். வெட்டிப்போடலாம் என்று அரிவாளை எடுத்தேன். எப்சி வந்து தண்டை அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டியாத்தான இருக்கு, நிக்கட்டும் என்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல இயல்பாகச் செய்தாள். மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. அந்தப் பழுப்பு இலைகளைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மே மாத மழைக்கு அப்புறம் நடுக்குழியிலிருந்து மயிர் போர்த்த குருத்துகள் சுருண்டு சுருண்டு கிளம்பின. கூப்பிட்டுக் காட்டினாள். நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அவள் எப்போதுமே அதைச் சொன்னதில்லை.

வெயில் எங்கள் பக்கச் சரிவை விட்டுப் போய்விட்டது. எதிர் மலையில் மட்டும் தேயிலை மஞ்சளாகத் தெரிகிறது. மூக்கு நுனி மரத்துப்போகிறது. போஜன் கேரட் தோட்டத்திலிருந்து ஏறி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டம் அவருடையது, நாங்கள் வந்த நாளிலிருந்து பழக்கம். இன்னைக்கு நல்லா விழும் சார் என்றார். ஆமாம் என்றேன். அக்காவுக்கு எப்படி இருக்கு என்றார். நாளைக்குத் தெரியும் என்றேன். அப்போ கோயம்புத்தூர் போகலையா என்று கேட்க வாயெடுத்தவர் தார்ப்பாயைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கேட்கவில்லை. தினமும் காலையில் வெயில் ஏறியதும் தார்ப்பாயை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உள்ளே வேர்த்து, வேர்த்த தண்ணீர் குருத்தில் இறங்கி, அடுத்த இரவில் அதுவே உறைந்துவிடும். சாயந்தரம் மறுபடி போட வேண்டும். இதற்கு ஆள் இங்கேயே இருந்தாக வேண்டும். போஜன் விடியும் முன்பே மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டையோடு போய்விடுவார், அவர் வீட்டம்மா அந்த நேரத்தில் கேரட்டில் விழுந்த பனியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருப்பார். அவர்களிடம் சொல்ல முடியாது. ஆகவே நான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. போஜன் போகும்போது, மிலார் அப்படியேதான் சார் கிடக்கு, வேணும்னா எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வேலியோரம் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வெட்டிவருவது, துடைப்பம் மாதிரி நெருக்கமான குச்சிகள். ஊட்டிப் பூங்காவில் செடிகளை அதைக்கொண்டுதான் மூடுகிறார்கள். வெட்டி நட்டுச் சுற்றிச் சாய்த்துவிட்டால் பனி அதன் மேல் நிற்கும், காற்றும் வெயிலும் உள்ளே போகும். எடுக்கவே வேண்டாம். மாசி வரைக்கும் அப்படியே நிற்கும். போன வாரம் லாரியில் வந்து இறங்கியபோதே கேட்டார். வேண்டாம் போஜன், தார்ப்பாய் இருக்கு என்றேன். புதுத் தார்ப்பாய். கடைவீதிக்குப் போய் வாங்கிவந்தேன். எப்போது வாங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். பஸ் களைப்பு தீரவில்லை, வீட்டில் பால்கூட இல்லை, பால் வாங்காமல் தார்ப்பாய் வாங்கினேன். நீலம் நன்றாக இருக்கும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மடிப்பு விட்டு வாசனை பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. மிலார் போடலாம் என்று அப்போது தோன்றியதா இல்லையா. அந்த இடம் மட்டும் தெளிவாக இல்லை.

போன் அடித்தது. ஜெனிட்டா என்று நினைத்து எடுத்தேன், எப்சி. மூடியாச்சா என்றாள், முதல் கேள்வியே அதுதான். ஒன்று முடிந்தது, இரண்டாவது நடக்கிறது என்றேன். மூணாவது என்றாள். இனிமேல்தான் என்றேன். அவள் இருமுவதற்காகப் போனைத் தள்ளிப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாலும் கேட்டது. அங்கே பேரனுக்குக் காதுகுத்து எப்போது வைப்பது என்று பேச்சு நடக்கிறதாம், கொசு ஜாஸ்தியாம், இட்லிக்கு அரிசி சரியில்லையாம். நான் உம் உம் என்றேன். அவள் பேச்சில் ஆஸ்பத்திரி வரவில்லை, நாளை வரவில்லை. வராதவரைக்கும் நல்லது என்று இருந்தது எனக்கு. பேச்சு முடிந்தது, வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"தார்ப்பாயா போடுதிய?" என்றாள்.

"ஆமா."

"அப்ப காலைல எடுக்கணும்லா."

"எடுக்கணும்."

"மிலாரு போட்டா அப்படியே கெடக்கும்னு போஜன் அண்ணன் போன வருசமே சொன்னாவள்லா."

 தண்ணீர்த் தொட்டியில் ஒரு இலை மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வரலன்னாலும் பரவால்ல. ஜெனி இருக்கா. ஆனா செடி மேல பழியப் போடாதிய. அது பாவம், பனைகூடக் கெடையாது" என்றாள். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. பேரன் போனைப் பிடுங்கிவிட்டான், தாத்தா என்று ஒரு முறை கத்தினான், துண்டித்துவிட்டது.

எதிர் மலையிலும் மஞ்சள் போய்விட்டது. இப்போது எல்லாம் ஒரே சாம்பல், இலைக்கும் தண்டுக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. இது எனக்குப் பழக்கமான வெளிச்சம். முதல் தார்ப்பாயின் கற்களைக் காலால் தள்ளுகிறேன். எதற்காகத் தள்ளுகிறேன் என்று யோசித்தால் நின்றுவிடுவேன், யோசிக்க வேண்டாம், கை செய்யட்டும். உருவினால் சடசடவென்று சத்தம். வேலியைத் தாண்டிப் போய்ப் போஜனின் மிலாரில் ஒரு கட்டு, இன்னொரு கட்டு, கயிற்றை அவிழ்க்க விரல் வரமாட்டேன் என்கிறது, பல்லால் இழுத்தேன், மிலாரின் கசப்பு நாக்கில் பட்டது. குச்சியை மண்ணில் குத்திச் சாய்த்து, அடுத்ததை அதன் மேல் சாய்த்து, உச்சியில் சேர்த்துக் கட்டி. ஆஸ்பத்திரியில் எங்கே உட்காருவது. அந்தக் கதவுக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் இருந்தன, நடுவில் உள்ளதில் உட்காரலாம், நடுவில் உட்கார்ந்தால் எழுந்து போவது கஷ்டம். டாக்டர் மேஜைக்குப் பின்னால் சுவரில் வெளிச்சப் பெட்டி இருக்கிறது. அதில் மாட்டுவார். மாட்டட்டும். பார்க்கிறேன். ஓரத்தைப் பார்க்காமல் உள்ளே பார்க்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியம் இன்று இல்லை. முள் குத்திப் புறங்கையில் ரத்தம் வருகிறது, குளிரில் வலிக்கவில்லை. முதலாவது முடிந்தது. இரண்டாவதின் தார்ப்பாயைக் கட்டவே இல்லை, நல்லது. குழியைக் கடைசியாக ஒரு முறை ஒற்றி, காய்ந்த சருகு ஒரு கை உள்ளே வைத்து, மிலார். கை கூடுகிறது, சீக்கிரம் வருகிறது. மூன்றாவது கேட்டுக்குப் பக்கத்தில். அது கொஞ்சம் உயரம், அதற்கு இரண்டு கட்டாவது வேண்டும். வேலியோரம் போய்க் குனிந்தபோது மேலே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இரண்டு முறை அடிப்பான், வளைவுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. இது முதலாவது. கட்டைத் தூக்கிவிட்டேன். தூக்கிக்கொண்டு நின்றேன். தார்ப்பாய் மட்டும் என்றால் மேலே எறிந்துவிட்டு ஓடலாம், ஆனால் பட்ட இடத்தில் இலை கருகும், நாளை மறுநாள் வரை எடுக்க ஆள் இருக்காது, குருத்து அழுகும், தார்ப்பாயைவிட ஒன்றும் போடாததே மேல். ஒன்றும் போடாமல். கட்டைக் கீழே போட்டேன். கேட்டுக்கு வரும் வழியில் மூன்றாவதின் தண்டில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். இருட்டில் சரியாகத் தெரிந்தது. உள்ளே போய்ப் பையை எடுத்து, விளக்கை அணைத்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்க்காமல் படியேறினேன். இரண்டாவது ஹாரன் அடித்தபோது ரோட்டில் இருந்தேன்.

பஸ்ஸில் எல்லா ஜன்னலும் அடைத்திருக்கிறது. எல்லோரும் குரங்குக் குல்லாவுக்குள் இருக்கிறார்கள், முன்சீட்டில் ஒரு குழந்தையின் கண் மட்டும் தெரிகிறது. கையை முகர்ந்தால் மிலார். மூச்சு நிதானமாக வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அதற்குள் ஊட்டி வந்துவிட்டது. பஸ் அங்கே நின்றிருக்கும்போது போன் செய்தேன். அவளே எடுத்தாள். பஸ்ஸில் இருக்கேன் என்றேன். சரி என்றாள். மூன்றாவதை மூடவில்லை என்றேன்.

"எல போவும்" என்றாள்.

"ஆமா. இன்னைக்கே போயிரும்."

"தண்டு?"

"அழுத்திப் பார்த்தேன். கெட்டியா இருக்கு."

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. யாரோ டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லை என்று சண்டை போட்டார்கள். அவள் மூச்சு விடுவது கேட்டது, கரகரவென்று, ஆனால் ஒரே சீராக. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், டீ குடிக்கப் போகாமல்.

"அப்ப வாங்க" என்றாள். "ஸ்வெட்டரக் கழட்டிருங்க, இங்க ஒரே புழுக்கம்."

வைத்துவிட்டாள். பஸ் கிளம்பியது. கண்ணாடியில் பனி கோத்து ஊரின் விளக்குகள் ஊறிப்போய்த் தெரிந்தன. நான் குல்லாவை எடுத்து மடியில் வைத்தேன். ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், கீழிருந்து மேலாக, விரல் இன்னும் முழுதாக வசப்படவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் மப்ளருக்கு மேலிருந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சார், இங்கேயே கழட்டுறீங்க?"

"கீழ போறேன்" என்றேன்.